முகவரியில் சாய்கோடா, கேள்விக்குறியா?

மாணவர்களே, தமிழ் விக்கிப்பீடியாவில் மலேசியக் கட்டுரைகளின் தொகுப்பைத் திறந்து, முகவரியைக் கவனியுங்கள். சாய்கோட்டுக்குப் பின் ‘பகுப்பு:மலேசியா’ என்றிருக்கும். ஒரே குறிச்சொல்லுக்கு இந்தப் பாதை முறை போதும், பார்த்ததும் புரியும்.

பள்ளி அறிவியல் கழக அகப்பக்கத்தில் ‘பறவை’, ‘ஜொகூர்’ இரண்டையும் சேர்த்து வடிகட்டினால்? பறவை/ஜொகூர், ஜொகூர்/பறவை என ஒரே பட்டியலுக்கு இரண்டு முகவரிகள் வரும். மூன்று சொற்களுக்கு 6, நான்குக்கு 24! தேடுபொறி இவற்றைத் தனித்தனிப் பக்கங்களாகக் கருதக்கூடும்.

பாதையில் முன்பின் வரிசைக்குப் பொருளுண்டு. குறிச்சொற்களுக்கு அது இல்லை. எனவே, பல சொற்களைக் கேள்விக்குறிக்குப் பின், எப்போதும் அகர வரிசையில் அமையுங்கள்.

தொடங்கும்போதே முடிவெடுங்கள். முகவரியைப் பிறகு மாற்றினால், நண்பர்கள் சேமித்து வைத்த இணைப்புகள் அறுந்துவிடும். நல்ல முகவரி மாறாது என்று வையவிரிவலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே வலியுறுத்தினார்.