காலப் பயணியின் சீட்டுக்கட்டு

சீட்டாட்டம் என்றதும் 52 சீட்டுகளும் நால்வகைக் குறிகளும் உள்ளத்தில் தோன்றுதல் இயல்பு. அக்கட்டு எல்லார்க்கும் பொது. எவர் கையில் இருப்பினும் அது மாறுவதில்லை. 1993-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்டு கார்ஃபீல்டு அமைத்த ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் ஆட்டமோ வேறு வகையானது. அதனை ஆடுவோர் பல்லாயிரம் சீட்டுகளுள் வேண்டியவற்றைத் தேர்ந்து, தமக்கெனத் தனிக்கட்டு ஒன்றை அமைத்துக்கொண்டு வருவர். ஆதலின் ஆட்டத்தின் பாதி, மேசைமுன் அமர்வதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது எனலாம்.

இவ்வாட்டத்தில் தொலைக்காட்சி நாடகம் ஒன்றும் புகுந்தது. ‘டாக்டர் ஹூ’ என்னும் அந்நாடகத்தைப் பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. 1989-இல் நின்றுபோன அது, 2005-இல் மீண்டும் தொடர்ந்தது. அதன் தலைவர் டாக்டர் எனப்படுபவர். காலத்தைக் கடந்து செல்ல வல்லவர். அவருடைய ஊர்தியாகிய டார்டிஸ், வெளியே காவல்துறையின் நீலநிறக் கூண்டு போலத் தோன்றும். உள்ளே நுழைந்தாலோ பெருமாளிகையாய் விரியும். 1966-இல் அவ்வேடம் பூண்ட வில்லியம் ஹார்ட்னெல் நலங்குன்றி விலகியபோது, டாக்டர் சாகும் நிலையில் புது உடல் பெறுவார் என்று கதையை மாற்றி, பேட்ரிக் டிரௌட்டனை அவ்விடத்தில் நிறுத்தினர். நடிகரின் நோயால் பிறந்த இக்கற்பனையே நாடகத்தை இத்துணைக் காலம் வாழ வைத்தது. 2023 அக்டோபரில் இந்நாடகத்தை ஒட்டி, நூறு நூறு சீட்டுகள் கொண்ட நான்கு கட்டுகள் வெளிவந்தன.

அவை ‘கமாண்டர்’ என்னும் ஆட்டமுறைக்கு உரியவை. பெரும்பாலும் நால்வர் கூடி ஆடும் அம்முறையில் ஒவ்வொருவர்க்கும் உயிர்மதிப்பு 40. அடிப்படை நிலச்சீட்டுகள் நீங்கலாக எச்சீட்டும் ஒன்றற்கு மேல் இருத்தலாகாது. கட்டிற்குத் தலைவர் ஒருவர் உண்டு. தலைவரின் நிறங்களுக்குப் புறம்பான சீட்டு எதுவும் உள்ளே வருதல் கூடாது. டாக்டர் தோழர் ஒருவரோடன்றிப் பயணம் செய்வது அரிதாகையால், அவருக்கு ஒரு சலுகை தரப்பட்டது. டாக்டர் ஒருவரும் அவர்தம் தோழர் ஒருவரும் இணைந்து தலைமை தாங்கலாம். பத்தாம் டாக்டரும் ரோஸ் டைலரும் சேர்ந்தால், கட்டு வெள்ளை, நீலம், சிவப்பு என்னும் மூன்று நிறங்களுக்கு உரியதாகும்.

ஒரு நாடகத்தைச் சீட்டுக்கட்டாக்குவோர் முதலில் செய்யும் பிழை, படங்களையும் பெயர்களையும் குவிப்பது. பெயரை மறைத்துவிட்டு ஆடினாலும் ‘இவர் டாக்டரே’ என்று கண்டுகொள்ள இயல வேண்டும். பத்தாம் டாக்டர் கட்டு இத்தேர்வில் நன்கு தேறுகிறது. அதில் சில சீட்டுகளை உடனே ஆடாமல், காலக்குறிகள் சிலவற்றை இட்டு ஒதுக்கி வைக்கலாம். ஒவ்வொரு முறை தம் வாய்ப்பு வரும்போதும் ஒரு குறி நீங்கும்; இறுதிக்குறி நீங்கியதும் அச்சீட்டு விலையின்றியே ஆட்டத்துள் வரும். இவ்விதி 2006-ஆம் ஆண்டிலேயே ஆட்டத்தில் இருந்தது. நாடகத்திற்கென அதனோடு சேர்க்கப்பட்டது காலப்பயணம் என்னும் செயல். அதனால் ஒவ்வொரு சீட்டின் குறியையும் ஒன்று கூட்டலாம், அல்லது ஒன்று குறைக்கலாம். வருங்காலம் விரைந்து வருகிறது, அல்லது தள்ளிப்போகிறது. நாடகத்தின் உயிர் இங்கே விதியாகவே மாறியுள்ளது.

இனி, கட்டமைப்பவரின் உண்மையான இடர் கணக்கில் தொடங்குகிறது. நூறில் தலைவர் இருவர் போக 98. சீட்டுகளை ஆடுதற்கு வேண்டிய ஆற்றலைத் தருவன நிலங்கள். அவை ஏறத்தாழ 38 வேண்டும். நாடகப் பற்றினால் அவற்றை 25-ஆகக் குறைத்தால், முதலில் எடுக்கும் 7 சீட்டுகளுள் சராசரியாக இரண்டு நிலங்கள்கூட வாரா. காலப்பயணி புறப்படவே வழியிராது. எஞ்சிய 60-இல், ஆற்றலைப் பெருக்குவன ஒரு பத்து, புதுச்சீட்டுகளை எடுக்கத் துணைசெய்வன ஒரு பத்து, பகைவரை நீக்குவன ஒரு பத்து. அறுபது ஆண்டு நாடகத்திற்குக் கிடைப்பது முப்பது இடங்களே!

தேர்ந்த கை, பயன் கருதி இடும் சீட்டுகளிலும் கதையைக் கொணரும். டாக்டர் படைக்கருவியை வெறுப்பவர். 1968 முதல் அவர் கையில் காணப்படுவது ஒலித்திருகி என்னும் கருவியே. எனவே பகைவரை நீக்க, 1993-ஆம் ஆண்டின் பழஞ்சீட்டாகிய ‘வாளை ஏராக்குதல்’ என்னும் பொருள்படும் வெள்ளைச் சீட்டு மிகப் பொருந்தும். அது பகை உருவை ஆட்டத்தினின்றும் விலக்கும். அதனை ஆண்டவர்க்கோ உயிர்மதிப்பைக் கூட்டும். அதன்மேல் டாக்டரின் படம் இல்லாதிருப்பினும், குணம் இருக்கிறது.

ஒரு வருத்தம் மட்டும் நீங்குவதில்லை. டாலெக் என்னும் இயந்திரப் பகைவர் 1963 டிசம்பரிலேயே நாடகத்தில் தோன்றியவர்கள். அவர்களின்றி டாக்டரை எண்ணிப் பார்ப்பதும் கடினம். ஆயினும் அவர்களைப் படைத்த டாவ்ரோஸின் சீட்டு நீலம், கருமை, சிவப்பு ஆகிய நிறங்கள் உடையது. கருமை கலந்தமையால் பத்தாம் டாக்டர் கட்டில் அதற்கு இடமில்லை. நண்பர் ஒருவர் டாவ்ரோஸைத் தலைவராகக் கொண்டு எதிரே அமர்ந்தாலன்றி, இரு திறத்தாரும் சந்திப்பதற்கு வழியில்லை. விதி இங்கு நாடகத்திற்குத் தீங்கு செய்வதுபோல் தோன்றி, மேசையைச் சுற்றி அதனை நடத்திவைக்கிறது.

பொருட்செலவையும் கருதுதல் வேண்டும். 2020 அக்டோபரில் ‘தி வாக்கிங் டெட்’ என்னும் வேறொரு தொலைக்காட்சித் தொடரின் மாந்தர், இவ்வாட்டத்தில் அதுவரை இல்லாத புதுச் சீட்டுகளாகச் சில நாள் மட்டும் விற்கப்பட்டனர். வாங்கத் தவறியோர் ஆட்டத்திலும் பின்தங்க நேரும் என்று பலர் சினந்தனர், அச்சினம் நியாயமானதே. டாக்டர் ஹூ சீட்டுகள் கடைகளில் கட்டாகவே விற்கப்பட்டமையால், ஒரு கட்டினை வாங்கிச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்வது எளிதாயிற்று.

அம்மாற்றமும் ஆடிய பின்னரே செய்யத்தக்கது. நான்கைந்து ஆட்டங்களுக்குப் பின், கையிலேயே தங்கி ஒருமுறையும் மேசைக்கு வாராத சீட்டு ஒன்று புலப்படும். பெரும்பாலும் அதுவே கட்டமைத்தவர் மிக விரும்பிய மாந்தரின் சீட்டாக இருக்கும். வெற்றியை விழைவோர் அதனை எடுத்துவிடுவர். மற்றவர் அதற்கு அருகிலுள்ள சீட்டினை எடுத்து, அவ்விடத்தில் ஒரு நிலத்தை இட்டு, மறுபடி கலைத்துப் பார்ப்பர்.