கரகரக்கும் மிக்ஸருக்கு எந்த மருந்து?

கோயில் திருவிழாவில் பாட்டு உச்சத்துக்குப் போகும் நேரம். ஃபேடரை ஒரு நூல் ஏற்றுகிறோம். ஸ்பீக்கரில் ‘கர்ர்’ என்று இரைச்சல். மைக்செட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பட்ட சங்கடம் இது. மறுநாள் கைக்குக் கிடைத்த ஸ்பிரேயை எடுத்து எல்லா இடுக்கிலும் அடித்துவிடுகிறோம். தவறு அங்கேதான். நாப், சுவிட்ச், ஃபேடர் மூன்றின் உள்ளமைப்பும் வேறு வேறு. மருந்தும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

காசில்லா வைத்தியம்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கரகரக்கும் நாப்பை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது முறை திருப்புங்கள். மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்த மிக்ஸருக்குப் பல சமயம் இதுவே போதும். ஃபேடர் பிளவில் உள்ள தூசியை மென்மையான பிரஷ்ஷால் தள்ளி, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். காற்றடித்தால் தூசி உள்ளேதான் போகும்.

ஒரு சேனலில் சத்தம் விட்டுவிட்டு வந்தால், ஃபேடரைச் சந்தேகிக்கும் முன் இன்சர்ட் சாக்கெட்டில் ஒரு ஜாக்கைப் பத்து முறை செருகி எடுங்கள். அதற்குள் இருக்கும் தொடுதகடு கறுத்துப்போனாலும் இதே கோளாறு வரும்.

சுவிட்சுக்கு

இங்கே உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. எதிரி கறுப்புப் படலம். அதைக் கரைக்கும் கான்டாக்ட் கிளீனர்தான் சரி. டீஆக்ஸிட் டி5 இந்த வகை. விலை கூடுதல்தான், ஆனால் ஒரு சொட்டு விட்டு இருபது முறை அழுத்தினால் போதும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மலிவு. அழுக்கைக் கழுவும், முற்றிய கறுப்பை அவ்வளவாக அசைக்காது. கைக்குப் பூசும் சானிடைசர் வேண்டாம். அதில் தண்ணீரும் பெரும்பாலும் கிளிசரினும் இருக்கும்.

சுழலும் வால்யூம் கண்ட்ரோலுக்கு

உள்ளே கார்பன் தடம். அதன்மேல் உலோக விரல் உரசி நகர்கிறது. கழுவிவிட்டு லேசான வழுவழுப்பையும் விட்டுச்செல்லும் கிளீனர் இதற்கு ஏற்றது. வெறும் ஆல்கஹால் தடத்தை உலர்த்திவிடும். எதை அடித்தாலும் மூன்று கால்களுக்கு அருகே உள்ள சிறு இடைவெளி வழியாக அடியுங்கள். மேலிருந்து தண்டில் அடித்தால், தண்டின் கிரீஸ்தான் கரையும். மருந்து தடத்துக்குப் போய்ச் சேராது.

ஃபேடருக்கு

மிகவும் கவனம் தேவைப்படுவது இதற்குத்தான். மேலே திறந்த பிளவு. உள்ளே கார்பன் அல்லது மின்கடத்தும் பிளாஸ்டிக் தடம். பக்கத்தில் கிரீஸ் பூசிய தண்டவாளம். காரமான கிளீனர் அந்தக் கிரீஸைக் கழுவிவிட, பட்டுப்போல் நகர்ந்த ஃபேடர் வறண்டு தடதடக்கும். டீஆக்ஸிட் எஃப்5 போல ஃபேடருக்கென்றே வரும் மசகுதான் இதற்கு.

தையல் மிஷின் எண்ணெய் விட்ட ஃபேடர் ஒன்றை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். எண்ணெயும் தூசியும் குழைந்து, தடம் நெடுக மைபோல அப்பியிருந்தது. சாதாரண டபிள்யூடி-40க்கும் இதே எச்சரிக்கை. ஈரத்தை விரட்ட 1953இல் உருவான அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும்; தூசி அதில் ஒட்டும். அதே பெயரில் தனியாக வரும் கான்டாக்ட் கிளீனர் வேறு.

மருந்து கேட்காவிட்டால்

ஒரே இடத்தில் மட்டும் சத்தம் அறுந்தால் தடம் தேய்ந்திருக்கலாம். கழுவிய பின்னும் சுழற்சி முழுக்க ஒரே சீராகக் கரகரத்தால், கசியும் கப்பாசிட்டர் வழியாக டிசி மின்சாரம் வருகிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். பாகத்தை மாற்றுவதென்றால், சென்னை ரிச்சி தெருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் புறப்படும் முன் அதன்மேல் உள்ள எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைய ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் பி10கே என்றால் சீரான ஏற்றம். ஏ10கே என்றால் காதுக்கேற்ற லாக் ஏற்றம். மாற்றிப் போட்டால் வேலை கெடும்.

என் முடிவு

ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும் என்றால், பிளாஸ்டிக்கைப் பாதிக்காத, மசகு கலந்த கிளீனரை வாங்குங்கள். இரண்டு வாங்க முடிந்தால், சுவிட்சுக்கு டி5, ஃபேடருக்கு எஃப்5. இவை எளிதில் தீப்பற்றுபவை. நன்றாகக் காய்ந்த பிறகே மின்சாரம் கொடுங்கள். வேலை முடிந்ததும் மிக்ஸர்மேல் ஒரு துணியைப் போர்த்துங்கள். எந்த ஸ்பிரேயையும்விட அதிக நாள் காப்பாற்றுவது அந்தத் துணிதான்.