பறக்காத அந்துப்பூச்சி

செம்பனை மட்டை தீயில் வாட்டியதுபோல் சாம்பல் பூத்து நின்றால், உரம் போதவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். ஒரு மட்டையை வெட்டி இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். காய்ந்த இலைத்துணுக்குகளை ஒட்டிக் கட்டிய சின்னச் சின்னப் பைகள் தொங்கினால், அது பைப்புழு. மலாயில் உலாட் புங்குஸ். மலேசியாவின் குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் கண்டக்டராக, அதாவது வேலை மேற்பார்வையாளராக, இருந்த காலத்தில் நான் அதிகம் மல்லுக்கட்டியது இதோடுதான்.

இதன் பெண் அந்துப்பூச்சிக்கு இறக்கை கிடையாது. வாசனையால் ஆணை வரவழைத்து, பைக்குள்ளேயே 100 முதல் 300 முட்டை வரை இட்டு அங்கேயே செத்துப்போகும். பரப்பும் வேலை குஞ்சுப்புழுவுடையது. பொரித்ததும் நூல்விட்டுத் தொங்கும். காற்று அடுத்த மரத்தில் சேர்த்துவிடும். மட்டையோடு மட்டை உரசும் தோட்டத்தில் காற்றுகூட வேண்டாம். குலை ஏற்றும் லாரியிலும் நம் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு போகும். பாதி இலை போய்விட்டால், அடுத்த இரண்டு ஆண்டில் விளைச்சல் சுமார் 40 விழுக்காடு விழும்.

பதறிப்போய் கண்ட மருந்தையும் அடிக்காதீர்கள். 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் மலாயாத் தோட்டங்களில் டி.டி.டி., எண்ட்ரின், டீல்ட்ரின் தெளித்தார்கள். பைப்புழு இன்னும் பெருகியது. புழுவைத் தின்னும் குளவிகளும் கொலைகாரப் பூச்சிகளும் அந்த மருந்தில் செத்ததுதான் காரணம் என்று பூச்சியியலாளர் பிரையன் வுட் எடுத்துக்காட்டினார். தெளிப்பை நிறுத்திய இடங்களில் புழு தானாக அடங்கியது. நம் தொழிலில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது.

அதனால் முதலில் எண்ணுங்கள். பையைக் கிழித்து, உயிரோடிருக்கும் புழுவை மட்டும் கணக்கில் எடுங்கள். மட்டைக்குப் பத்தைத் தாண்டினால் பி.டி. என்கிற பாக்டீரியா மருந்தைத் தெளிக்கலாம். புழு அதைத் தின்றால்தான் சாகும். இளம்புழுவாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். முதிர்ந்து பையை மூடிக்கொண்டபின் அடிப்பது வீண்செலவு. மழை வரும் நாளிலும் அடிக்காதீர்கள். சாலையோரம் டர்னேரா, கொடிரோஜா நட்டுவையுங்கள். குளவிகளுக்குத் தேன் கிடைக்கும்.

பயிர்த் தொற்றுத்தடைச் சட்டப்படி 2013இல் பைப்புழு ஆபத்தான பூச்சியாக அறிவிக்கப்பட்டது. கட்டுப்படுத்துவது தோட்டக்காரரின் கடமை. புழுவைக் கண்டால் மலேசிய செம்பனை வாரியத்துக்கும், அன்றைக்கே பக்கத்துத் தோட்டக்காரருக்கும் சொல்லிவிடுங்கள். அவரும் சேர்ந்து தெளிக்காவிட்டால் உங்கள் தோட்டத்துக்கு மறுபடியும் வரும்.