கூட வந்தவரிடம் கேட்காதீர்கள்

மாற்றுத்திறனாளிகளை வெறுக்கும் நர்சிங் மாணவர்கள் அரிது. இரக்கப்பட்டே அவர்களை ஒதுக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். சக்கர நாற்காலியில் ஒருவர் வந்ததுமே குரல் குழைகிறது. கேள்வியெல்லாம் கூட வந்தவரிடம் போகிறது. "இவருக்கு சுகர் இருக்கா? எப்ப சாப்பிட்டாரு?" சாப்பிட்டவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்!

போஸ்டிங்கின் முதல் நாளிலேயே இதை மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெயரைக் கேட்டு, அவரிடமே பேசுங்கள். மூளை முடக்குவாதத்தால் பேச்சு குழறினால் புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்கலாம். பேச்சு குழறுவதாலேயே புத்தி குறைவு என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம். பார்வையற்றவரிடம் நீங்கள் யார், என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவருக்கு முகக்கவசம் போட்ட முகத்தால் பயனில்லை; எழுதிக் காட்டுங்கள்.

இது வெறும் மரியாதை விஷயம் என்று நினைக்க வேண்டாம். தண்டுவடம் நெஞ்சுப் பகுதியின் மேற்பாதியிலோ கழுத்திலோ அடிபட்டவர் திடீரென்று "தலை வெடிக்குது" என்கிறார். முகம் சிவந்து வியர்க்கிறது. யூரின் டியூப் மடங்கி அடைத்திருந்தாலே இப்படி வரும். ரத்த அழுத்தம் சட்டென ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்பது இதுதான். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, டியூபைப் பாருங்கள். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். இவர்களில் பலருக்கு வழக்கமான மேல் அழுத்தமே 90, 100 தான். அதனால் 130ஐப் பார்த்துவிட்டு நார்மல் என்று நகர்ந்துவிடக் கூடாது. தனக்கு வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்பது பெரும்பாலும் அவருக்கே தெரியும். கேட்டால்தானே சொல்வார்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சிகிச்சையில் இவர்களுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. அது சலுகை அல்ல, உரிமை.

வார்டில் இவர்களை நோயாளியாக மட்டுமே பார்த்தால் இரக்கம்தான் மிஞ்சும். வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிப் படியுங்கள். 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். வேலை, குடும்பம் என்று வாழும் மாற்றுத்திறனாளி ஒருவரை வகுப்புக்கு அழைத்துப் பாடம் எடுக்கச் சொல்லும்படி உங்கள் டியூட்டரிடம் கேளுங்கள்.

டியூட்டி மாற்றும்போது "அந்தக் கால் இல்லாத கேஸ்" வேண்டாம், பெயரைச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் பிடித்துத் தூக்கினால் வலிக்காது என்று அவரிடமே கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதிவையுங்கள். நைட் டியூட்டிக்கு வருபவருக்கு அது உதவும்.