பிள்ளைகள் விவரமானவர்கள்தான், அதனால்?

நம்பிக்கை: இந்தக் காலத்துப் பிள்ளைகள் விளம்பரத்தை நம்புவதில்லை.

விளம்பரங்களை அலசிப் பார்க்கப் பள்ளியிலேயே பழக்க வேண்டும் என்று எந்தக் கூட்டத்தில் பேசினாலும், “அதெல்லாம் எவன் சார் நம்புறான்? பசங்க ரொம்ப விவரம்” என்று ஒருவர் எழுந்துவிடுகிறார். பெற்றோர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். ஆசிரியர்களே சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

உண்மை: க்ரீம் பூசினால் சிவந்துவிடலாம் என்பதைப் பிள்ளைகள் கேலி செய்வார்கள், சரி. விளம்பரம் அதை மட்டுமா சொல்கிறது? 2000-களின் தொடக்கத்தில் வந்த ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரம் ஒன்றில், வருமானம் போதாத அப்பா, மகன் ஒருவன் இருந்திருந்தால் என்று ஏங்குகிறார். கறுத்த மகள் அதைக் கேட்டு நொந்துபோகிறாள். க்ரீம் பூசிச் சிவக்கிறாள், விமானப் பணிப்பெண் ஆகிறாள், அப்பாவுக்கு முகம் மலர்கிறது. க்ரீமைச் சந்தேகப்படுகிற அதே விவரமான பிள்ளை, கறுப்பு ஒரு குறை, மகன் இல்லாதது ஒரு குறை என்ற இரண்டையும் கேள்வியே கேட்காமல் விழுங்கிவிடும். கதை நிற்பதே அவற்றின் மேல்தான். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் விடாமல் சண்டை போட்டதால் 2003-ல் அந்த விளம்பரம் நிறுத்தப்பட்டது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு சோப்புத்தூள் விளம்பரத்தைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் போட்டேன். கறை ஒரே அலசலில் போனதும் வகுப்பே சிரித்தது. “புளுகு சார்!” சேற்றில் புரண்டவன் பையன், துவைத்தவள் அம்மா என்பதை யாரும் குறிப்பிடவில்லை. நானே கேட்டதும், “எங்க வீட்லயும் அம்மாதானே துவைப்பாங்க” என்றார்கள். சரி, அம்மா இருந்த இடத்தில் அப்பாவை வைத்து நடித்துக் காட்டுங்கள் என்றேன். மறுபடி சிரிப்பு. “இப்போ எதுக்குச் சிரிச்சீங்க?” என்று கேட்டபோதுதான் வகுப்பு அமைதியானது. பாடம் அங்கேதான் தொடங்கியது.

ஊடகம் அடுத்தவர்களைத்தான் பாதிக்கும், நம்மை அவ்வளவாகப் பாதிக்காது என்று மனிதர்கள் நினைப்பதைச் சமூகவியலாளர் டபிள்யூ. பிலிப்ஸ் டேவிசன் 1983-லேயே எழுதிவிட்டார். ‘எவன் நம்புறான்’ என்பவர்களும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். அதற்கும் முன்பே இன்னொரு சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் விளம்பரப் படங்களை வரிசையாக அடுக்கி, யார் உயரமாக நிற்கிறார், யார் சாய்ந்திருக்கிறார், யாருடைய கை பொருளை இறுகப் பிடிக்கிறது, யாருடைய விரல் சும்மா தடவுகிறது என்று பார்த்தார். இப்படிப் பார்க்கும் கண் வயதானால் தானாக வந்துவிடாது. பழக்கித்தான் வர வேண்டும்.

நம்பிக்கை: ஊரில் இருப்பதைத்தானே காட்டுகிறார்கள்.

உண்மை: எந்த ஊரில்? இந்தியில் எடுத்து, உதடு ஒட்டாமல் தமிழில் டப்பிங் செய்த குடும்பம் எந்தத் தெருவில் இருக்கிறது? யுனிசெஃபும், ஊடகங்களில் ஆண்-பெண் சித்திரிப்பை ஆராயும் ஜீனா டேவிஸ் நிறுவனமும் 2019-ன் இந்திய விளம்பரங்கள் ஆயிரத்துக்கும் மேல் ஆராய்ந்ததில், பெண் பாத்திரங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வெளிர் நிறம் அல்லது ஓரளவு வெளிர் நிறம். ஆண்களில் அந்த அளவுக்கு இல்லை.

நம்பிக்கை: பெயரையே மாற்றிவிட்டார்கள், கதை முடிந்தது.

உண்மை: 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. டியூபில் பெயர் மாறியது. ‘சிவப்பான பெண் தேவை’ என்று கேட்பது நின்றுவிட்டதா? கல்யாணத் தரகர்களைக் கேளுங்கள்.

நம்பிக்கை: விளம்பரத் தர கவுன்சில் பார்த்துக்கொள்ளும்.

உண்மை: 1985-ல் விளம்பரத் துறையே தனக்காக அமைத்துக்கொண்ட அமைப்பு அது. கறுப்பை இழிவுபடுத்தக் கூடாது என்று விதி எழுதவே 2014 ஆயிற்று. ஆண்-பெண் பாகுபாட்டுச் சித்திரிப்புக்கான விதிகள் 2022-ல்தான் வந்தன. புகாரை விசாரித்து முடிப்பதற்குள் பல விளம்பரங்கள் ஓடி முடிந்துவிடும்.

விளம்பரத்தை அலசப் பழக்குவதற்குப் புதுப் பாடநூலோ ஸ்மார்ட் போர்டோ தேவையில்லை. ஒரு கைபேசி, பழைய வார இதழ்கள் நான்கு, நாற்பது நிமிடம் போதும். நேரம் எங்கே என்கிறீர்களா? கால அட்டவணையில் நூலகப் பாடவேளை என்று ஒன்று அச்சாகியிருக்கிறதே, அரையாண்டுத் தேர்வு நெருங்கியதும் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறாரே, அதைத் திருப்பிக் கொடுங்கள். தலைமையாசிரியர்களே, முதலில் நூலக அறையின் பூட்டைத் திறந்துவிடுங்கள். மாணவர்களின் விவரத்தைப் பிறகு பேசலாம்.