பேஜ் வருமானத்தை நம்பி இஎம்ஐ போடலாமா?



ஆபீஸ் முடிஞ்சு வந்து பேஸ்புக் பேஜ் நடத்துறது, இன்ஸ்டாகிராம்ல புடவை விற்கிறது, கடைக்காரங்களுக்கு விளம்பரம் போட்டுக் கொடுக்கிறது, கோடிங் தெரிஞ்சா சின்னச் சின்ன ஆப் செஞ்சு கொடுக்கிறது... இப்படி சம்பளத்துக்கு மேல மாசம் பத்தாயிரம், பதினைந்தாயிரம் பார்க்கிறவங்க நம்மில் நிறைய பேர் இருக்கீங்க. நல்ல விஷயம்தான். ஆனா அந்தப் பணத்தையும் சம்பளம் மாதிரியே நினைச்சு, அதை நம்பி கடன் வாங்கியிருக்கீங்களா? அப்படின்னா இந்தப் பதிவை முழுசா படிங்க.

பேஸ்புக்கோ யூடியூபோ, நீங்க கடை போட்டிருக்கிறது அடுத்தவர் இடத்துல. வாடகை வீட்டுக்காவது ஒப்பந்தம் இருக்கும், காலி பண்ணச் சொன்னா அட்வான்ஸ் திரும்ப வரும். இங்கே ரெண்டுமே கிடையாது. இடத்துக்காரர் விதியை மாற்றினா நம்ம வருமானம் எப்படி அடிபடும் என்பதை மூன்று உண்மைச் சம்பவங்கள் மூலமா பார்ப்போம்.

1. பதிவு போய்ச் சேருவது குறையும்

2018 ஜனவரியில் மார்க் சக்கர்பெர்க் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். இனிமேல் பேஸ்புக்கில் நண்பர்கள், குடும்பத்தினர் போடும் பதிவுகளுக்கு முன்னுரிமை, பிசினஸ் பேஜ்களும் ஊடகப் பேஜ்களும் போடுவது குறைவாகத்தான் தெரியும் என்றார். நியூயார்க்கில் லிட்டில்திங்ஸ் என்ற நிறுவனம் இருந்தது. மனசுக்கு இதமான செய்திகளையும் வீடியோக்களையும் பெரும்பாலும் பேஸ்புக் வழியாகவே மக்களிடம் சேர்த்து வந்தது. பேஜை ஒரு கோடிக்கும் அதிகமானோர் பின்தொடர்ந்தார்கள். அந்த மாற்றத்தால் பேஸ்புக்கில் இலவசமாகக் கிடைத்த வரவேற்பில் 75 சதவீதம் போய்விட்டது என்று சொல்லி, 2018 பிப்ரவரி இறுதியில் நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். பின்தொடர்பவர்கள் எண்ணிக்கை அப்படியேதான் இருந்தது. அவங்க கண்ணுக்குப் பதிவு போய்ச் சேரலை, அவ்வளவுதான்.

2. கதவுக்குக் கட்டணம் வரும்

இது டெவலப்பர்களுக்கான பாடம். ஒரு தளத்தின் தகவல்களை நம்ம ஆப்புக்குள்ள கொண்டு வர்ற வாசல்தான் ஏபிஐ. ரெடிட் தளத்தை வசதியாகப் படிக்க அப்பல்லோ என்ற ஐபோன் ஆப் இருந்தது. அதை உருவாக்கியவர் கிறிஸ்டியன் செலிக். அதுவரை இலவசமாக இருந்த ஏபிஐக்கு ரெடிட் 2023ல் விலை வைத்தது. அவருடைய ஆப்புக்கு வருஷம் சுமார் 2 கோடி டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டார். விலை தெரிந்து ஒரே மாதத்தில், ஜூன் 30 அன்று, ஆப் மூடப்பட்டது.

இதில் பணம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தைக் கவனிங்க. பலர் ஒரு வருஷச் சந்தாவை முன்கூட்டியே கட்டியிருந்தாங்க. மீதி மாதங்களுக்கான பணத்தைத் திருப்பித் தரணும் என்றால் அதுவே சுமார் இரண்டரை லட்சம் டாலர் வரும் என்று அவர் சொன்னார். முன்பணமா வந்தது வருமானம் இல்லை, வேலை முடியும் வரை அது நாம தரவேண்டிய பாக்கி.

இன்ஸ்டாகிராமும் தன்னுடைய பேசிக் டிஸ்ப்ளே ஏபிஐயை 2024 டிசம்பர் 4 அன்று நிறுத்தியது. மூன்று மாதம் முன்னால்தான் அறிவிப்பு வந்தது. அதை வைத்து கடைகளின் வெப்சைட்டில் இன்ஸ்டாகிராம் படங்களைக் காட்டியவர்கள் வேலையை மறுபடி செய்யவேண்டி வந்தது. அந்த வேலைக்குக் கூலி யார் கொடுப்பது?

3. இடமே இல்லாமல் போகும்

2020 ஜூன் 29. மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளுக்குத் தடை விதித்தது. டிக்டாக்கில் வீடியோ போட்டு, கம்பெனிகளிடம் விளம்பரம் வாங்கிச் சம்பாதித்தவர்களுக்கு நோட்டீஸ் காலம்கூட இல்லை. பின்தொடர்பவர்களை வேற தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவும் வழியில்லை.

இப்போ நம்ம கணக்குக்கு வருவோம்

ஒரு உதாரணம். சம்பளம் 35,000 ரூபாய், குடும்பச் செலவு 27,000, பேஜ் வருமானம் 12,000. இந்த 12,000 தெம்புல பைக், போன் ரெண்டுக்கும் சேர்த்து மாசம் 9,500 ரூபாய் இஎம்ஐ. கையில் 10,500 மிஞ்சுது, எல்லாம் நல்லாத்தான் தெரியும்.

பேஜ் வருமானம் நின்னா? சம்பளத்தில் மிஞ்சுவது 8,000. இஎம்ஐ 9,500. மாசம் 1,500 துண்டு விழும். அதைக் கிரெடிட் கார்டில் சமாளிச்சா, பாக்கி நிக்கிற தொகைக்கு மாசம் 3 முதல் 4 சதவீதம் வட்டி ஓடும்.

அதே ஆள் அந்த 9,500ஐ பத்து மாசம் சேர்த்திருந்தா 95,000 ரூபாய் கையில். போனை முழுப் பணம் கொடுத்து வாங்கி, பைக்குக்கும் பெரிய தொகை முன்பணம் கட்டலாம். பாதி வழியில் வருமானம் நின்னாலும் கடன் தலைமேல இருக்காது.

என்ன செய்யலாம்?

இஎம்ஐ சம்பளத்துக்குள்ள அடங்கணும். கடன் வாங்கும் முன் பேஜ் வருமானத்தைப் பூஜ்யமா வைத்துக் கணக்குப் போடுங்க. அப்படியும் கட்ட முடியும்னா மட்டும் வாங்குங்க.

தனி பேங்க் அக்கவுண்ட் வையுங்க. சைடு இன்கம் முழுசும் அதில் விழட்டும். முதலில் ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி, அப்புறம்தான் எஸ்ஐபி. வரிக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்க. டிடிஎஸ் போக வருஷத்துக்கு 10,000 ரூபாய் அல்லது அதுக்கு மேல வரி வந்தா அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும்.

அடுத்தவர் விளம்பரத்துக்கு உங்க கார்டைத் தேய்க்காதீங்க. பேஜ் அட்மினாக இருந்தா, கடைக்காரர் கார்டையே அவருடைய விளம்பரக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்க. கணக்கு திடீர்னு முடங்கி, அவர் பணம் தரத் தாமதமானா, கார்டு பில் உங்க பேருக்குத்தான் வரும். பேஜுக்கு ரெண்டு அட்மினாவது இருக்கட்டும். ஒருத்தர் அக்கவுண்ட் லாக் ஆனாலும் கடை திறந்திருக்கும்.

வாடிக்கையாளர் பட்டியல் உங்க கையில் இருக்கணும். வாங்கினவங்க சம்மதத்தோட பெயர், போன் நம்பர், வாங்கிய பொருள், தேதி எல்லாம் ஒரு ஷீட்ல எழுதி வையுங்க. ஐம்பதாயிரம் ஃபாலோயர் தளத்துக்குச் சொந்தம். ஐந்நூறு போன் நம்பர் உங்களுக்குச் சொந்தம்.

டெவலப்பர்கள் ரெண்டு விலை சொல்லுங்க. செஞ்சு கொடுக்க ஒரு தொகை, பராமரிப்புக்கு ஒரு தொகை. தளம் ஏபிஐயை மாற்றினா அந்த வேலைக்குத் தனிக் கட்டணம் என்று கொட்டேஷனிலேயே ஒரு வரி எழுதிடுங்க. வருஷப் பராமரிப்புக்கு 12,000 ரூபாய் மொத்தமா வாங்கினா, மாசம் 1,000 மட்டும் வருமானமா எடுங்க. மீதியைத் தொடாதீங்க.

இதெல்லாம் பேஜை மூடச் சொல்றதுக்காக இல்லை. நல்லா நடக்கிற வரைக்கும் நடத்துங்க, சம்பாதிங்க. அந்தப் பணம் வீட்டுச் செலவுக்குப் போகாம சேமிப்புக்குப் போனா, விதி மாறினாலும் உங்க வீட்டில் அடுப்பு எரியும்.

இன்னிக்கே ஒரு வேலை செய்யுங்க. கடந்த மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, பேஜ் வருமானத்தை மட்டும் அடிச்சிட்டுக் கூட்டிப் பாருங்க. மாசக் கடைசியில் மிச்சம் வருதா, துண்டு விழுதா? துண்டு விழுந்தா எந்த இஎம்ஐயை முதலில் முடிக்கலாம்னு யோசிங்க. சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க.