எரிந்து முடிந்த மலைகள்: ஓர் இளம் அறிவியல் எழுத்தாளருக்கு



சோடியமும் மக்னீசியமும் அலுமினியமும் ஏன் தனியாகக் கிடைப்பதில்லை என்று தம்பி எழுதிய கட்டுரையில் காதல் கொஞ்சம் தூக்கல். சோடியத்துக்குக் குளோரின் மேல் ஆசையாம். மக்னீசியம் ஆக்சிஜனைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளுமாம். சினிமாப் பாட்டுக்கு ஆகும். உலோகமும் ஆக்சிஜனும் சேரும்போது ஆற்றல் வெப்பமாக வெளியே போய்விடுகிறது. மறுபடி பிரிக்க வேண்டுமானால் அதைத் திரும்பக் கொட்டியே ஆக வேண்டும். இதில் ஆசை எங்கே வந்தது?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உதாரணம் தேடித் தம்பி ஆஸ்திரேலியாவுக்கும் கினியாவுக்கும் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. கோயமுத்தூரில் பஸ் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் சேலம். கஞ்சமலையில் இரும்புத்தாது, ஏற்காட்டில் அலுமினியத் தாதுவான பாக்சைட், ஓமலூர் ரோட்டோரம் வெள்ளைக்கல் என்கிற மக்னீசியத் தாது மேக்னசைட், எல்லாம் ஒரே மாவட்டத்தில். மூன்றும் அடுப்புச் சாம்பல் போலத்தான்: கொடுக்க வேண்டிய வெப்பத்தைக் கொடுத்தாகிவிட்டது, இனி எரிய ஒன்றுமில்லை. அதனால்தான் மேக்னசைட்டைச் சுட்டுச் செங்கலாக்கி, எஃகு உலைக்கு உட்சுவராகவே அடுக்க முடிகிறது.

தனியாகக் கிடைக்கும் உலோகம் வேண்டுமென்றால் நீலகிரியில் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் போக வேண்டும். 1880-ஐ ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் அங்கே தங்கம் தேடிக் குவிந்து, சில வருடங்களிலேயே கையைச் சுட்டுக்கொண்டன. கிடைத்தது கொஞ்சம், ஆனால் தங்கம் தங்கமாகவே கிடைத்தது.

மற்ற உலோகங்களைத் தாதுவிலிருந்து பிரித்தாக வேண்டும். நொய்யல் கரையில் கொடுமணல்காரர்கள் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே இரும்பு எடுத்தார்கள், மூசையில் எஃகும் செய்தார்கள். இரும்புக்குக் கரி போதும். ஆக்சிஜனை அது பிடுங்கிக்கொள்ளும். பூமியின் மேலோட்டில் இரும்பு சுமார் 5 சதவீதம், அலுமினியம் 8 சதவீதம். அதிகமாகக் கிடப்பதுதான் பிந்திக் கைக்கு வந்தது. கரியை வைத்து அலுமினா என்கிற அலுமினிய ஆக்சைடை உடைக்க 2,000 டிகிரிக்கு மேல் வேண்டுமே! 1886-ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூவும் அலுமினாவை உருகிய கிரையோலைட்டில் கரைத்து, 960 டிகிரி வாக்கில் மின்சாரம் பாய்ச்சிய பிறகுதான் வழி பிறந்தது. மேட்டூரில் மால்கோ அலுமினிய ஆலை வந்த கணக்கும் அதுவே: ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட், பக்கத்திலேயே அணை மின்சாரம். கிலோ அலுமினியத்துக்கு இன்றைக்கும் 13, 14 யூனிட் ஆகிறது. கட்டுரையில் யூனிட் கணக்கே இல்லை. கரண்ட் பில்லைச் சொல்லாமல் அலுமினியத்தைப் பற்றி என்ன எழுதுவது?

இன்னொன்று. ‘அலுமினியம் துருப்பிடிக்காததால் இரும்பை விட மந்தமானது’ என்று ஒரு வரி. தலைகீழ். காற்றுப் பட்ட மாத்திரத்தில் மேலே மெல்லிய ஆக்சைடு தோல் கட்டிக்கொள்கிறது. அந்தத் தோல்தான் உள்ளே இருப்பதைக் காக்கிறது. கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஏதாவது ஃபவுண்டரியில், உருகிய அலுமினியத்தின் மேல் ஏட்டைக் கரண்டியால் ஒதுக்கச் சொல்லித் தம்பி பார்க்கட்டும். ஒதுக்கிய இடம் கண்ணாடி மாதிரி மின்னி, மறுகணமே மங்கிவிடும்.

ஃபவுண்டரி என்றதும் எஸ்.ஜி. அயர்ன் என்கிற, மக்னீசியம் சேர்த்த வார்ப்பிரும்பை வார்த்த நாட்கள் வந்துவிடுகின்றன. லேடிலின் அடியில் மக்னீசியம் கலந்த உலோகக்கட்டி, அதன் மேல் இரும்புத் துண்டுகள், அதற்கு மேல் 1,450 டிகிரி இரும்புக் குழம்பு. மக்னீசியம் 1,090 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிறது. பளீரென்று ஒரு வெளிச்சம், ஷெட் முழுக்க வெள்ளைப்புகை. மேஸ்திரி முதுகைத் திருப்பிக்கொண்டு, ‘சீக்கிரம் ஊத்துங்கப்பா’ என்று கத்துவார். பத்து, பதினைந்து நிமிடம் போனால் மக்னீசியத்தின் வேகம் தணிந்து வார்ப்பு பாழ். தலைமுடியில் படிந்த அந்த வெள்ளைத்தூள் வேறொன்றுமில்லை, வெள்ளைக்கல்லைச் சுட்டால் வரும் அதே மக்னீசியம் ஆக்சைடுதான்.

வெட்டிய சோடியத்தின் முகம் வெள்ளியாய் மின்னிச் சாம்பல் பூப்பதைத் தம்பி நாலே வரியில் எழுதியிருக்கிறார். அப்படி எழுத இந்த ஜில்லாவில் இன்னொரு ஆள் கிடையாது. அதற்காகவே இவ்வளவும்.

அடுத்த கட்டுரை மக்னீசியம் பற்றி மட்டும் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. ஓமலூர் ரோட்டுக்கு ஒருமுறை போய்விட்டு வந்து எழுதட்டும்.

பி.கு.: கட்டுரைப் படத்தில் சோடியம் மண்ணெண்ணெயில் மிதக்கிறது. மூழ்கும். மிதப்பது லித்தியம்.